விழ மறுத்த அரக்கன்

மகளிர் தினத்துக்காக எங்கள் தெருப் பெண்கள் ஒரு நாடகம் போட்டார்கள். ஊர்மேல் சாம்பலைக் கொட்டும் அரக்கனை மீன்காரப் பெண்கள் வலைவீசிப் பிடித்து வீழ்த்துவதுதான் கதை. அனல்மின் நிலையத்தை ஒட்டிய எண்ணூரில் சாம்பலைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொடியில் காயும் துணியை உதறினாலே போதும். அரக்கன் வேடம் என் அம்மாவுக்கு. தெருவிலேயே பெரிய குரல் அவளுடையது. உயரம்தான் ஐந்தடியைத் தொடாது.

"அரக்கன்னு சொல்லி குயந்தைய நிக்க வச்சிக்கீறாங்கன்னு சிரிப்பாங்க," என்றார் நாடகத்தை நடத்தும் அக்கா.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரச்சோதனை வேலை. உயரச் செருப்பு நானே செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் நின்றபடி, அம்மா எப்படியெல்லாம் விழக்கூடும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்: கணுக்கால் மடங்கிப் பக்கவாட்டில், அங்கியை மிதித்து முன்னால், ஜல்லி வழுக்கிப் பின்னால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் செய்தேன். பழைய ரப்பர் செருப்புகளை அறுத்து, பஞ்சர் கடைச் சொல்யூஷனால் அடுக்கடுக்காக ஒட்டி ஒரு ஜாண் உயரம் ஏற்றினேன். அடிப்பக்கத்தை அகலமாக்கினேன். கணுக்காலுக்கு மேல்வரை பட்டை வைத்து இறுக்கினேன். அதுவும் போதாதென்று, சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடைக்கு வாங்கிய இரும்புத் தகட்டை அடியில் வைத்துத் திருகினேன்.

ஒத்திகையில் அம்மா ராஜநடை நடந்தாள். வலையை வீசினார்கள். சாய்ந்தாள், நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். தஞ்சாவூர் பொம்மைதான்.

"யக்கா, வுழு!"

"வுழத்தாண்டி பாக்குறேன். காலு வுட மாட்டேங்குது!"

"இன்னாக்கா, நங்கூரம் கட்டினு வந்துக்கீறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நடத்தும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வுழாத அரக்கன வச்சி நான் இன்னா பண்றது? நாளிக்கி சாயங்காலம் வுழுந்து காட்டு. இல்லாங்காட்டி உன் பக்கத்து வூட்டுக்காரி வேசம் போடட்டும். அவ தானாவே ஒசரம்."

அம்மா இறால் உரிக்கும் கம்பெனியில் அத்தனை பேரையும் நாடகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவள் விழாதிருக்கச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தகட்டைக் கழற்றினேன். பட்டைக்குப் பதில் எலாஸ்டிக் தைத்தேன். முன்விளிம்பை ஆக்சா பிளேடால் சரிவாக அறுத்தேன். உடம்பு முன்னால் போனால் செருப்பும் உருண்டு ஆளைக் கவிழ்க்கும். நானே போட்டுக்கொண்டு மெத்தையில் விழுந்து பார்த்தேன். நன்றாகவே கவிழ்த்தது. வேலை சுத்தம். ஆனால் பெற்றவளைத் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு பொருளை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேனே என்று வீட்டுக்குள்ளேயே அலைந்தேன்.

"முட்டியப் பாத்துக்கோம்மா."

"என் முட்டி எனக்குத் தெரியாதா? நீ சொம்மா இரு."

சாயங்காலம் விழுந்து காட்டினாள். வேடம் பறிபோகாமல் தப்பியது.

நாடகத்தன்று நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மெத்தை போட்டிருந்தோம். இறால் கம்பெனிப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன். வலை வந்து மூடியது. அம்மா விழவில்லை. வசனத்தில் இல்லாததையெல்லாம் சொல்லித் தெருவையே திட்டிக்கொண்டு, வலைக்குள் இடமும் வலமும் ஆடினாள். கூட்டம் விசிலடிக்க விசிலடிக்க மெத்தையைவிட்டு விலகிக்கொண்டே போனாள். "மெத்தம்மா, மெத்த," என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு சாய்ந்தாள். இந்த முறை நிமிரவில்லை. பாதி உடம்பு மெத்தையில், பாதி சிமெண்ட்டில். 'தொப்' என்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். அசைவே இல்லை.

நாடகம் நடந்துகொண்டிருப்பதையே மறந்து ஓடிப்போய் வலையைத் தூக்கினேன். "ம்மா!"

கண்ணைத் திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "போடி அந்தாண்ட. செத்துகினு கீறேன்ல?"