மரத்துப்போன கை

அம்மாவுக்குத் தலைசுற்றல். மகளையும் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் கிளினிக்குக்குள் நுழைந்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாவது படிக்கையில் எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் இங்கிலீஷ் மீடியம் போனவள் நான் ஒருத்திதான். யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் டாக்டரிடம் பேச என்னைத்தான் அழைத்துப் போவார்கள். “எம் பொண்ணுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு” என்று நைனாவுக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் அவருக்கே முடியவில்லை. டாக்டர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

“நெஞ்சுக்குள்ள இன்னாவோ பிசையிற மாதிரி கீது, இந்தக் கை மரத்துக்கினே போவுதுன்னு சொல்லும்மா” என்றார் நைனா.

பிசைவதற்கும் மரத்துப்போவதற்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். ‘பெயின்’ என்று மட்டும் சொன்னேன். டாக்டர் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது அவர் உள்ளே கம்பவுண்டரைத் திட்டுவது கேட்டது. “இன்னாடா பண்ணிக்கினு கீற?”

எங்கள் ஊர்த் தமிழேதான். நைனா சொன்னது அத்தனையும் அந்த ஆளுக்குப் புரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் நெற்களத்தில் சாய்ந்த நைனா எழுந்திருக்கவில்லை.

இன்று கம்பெனியில் நாள் முழுக்க இங்கிலீஷில்தான் பேசுகிறேன். நைனாவின் அந்தப் ‘பிசையுது’க்கு இன்னும் சரியான சொல் கிடைத்தபாடில்லை. பதினோரு வயதில் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

இந்த டாக்டரும் அம்மாவை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். வாய் திறக்கப்போனவளின் கையைப் பிடித்தேன்.

“உடம்பு அவங்களுது டாக்டர். அவங்களையே தமிழ்ல கேளுங்க.”