பெரிய வியாழனில் வால்டரின் கால்

ஆலிஸ் சிஸ்டரின் கட்டைவிரலுக்குப் பயப்படாத நோயாளி அந்த ஹார்ட் வார்டிலேயே கிடையாது. டியூட்டிக்கு வந்ததும் ஒவ்வொருவர் கணுக்காலையும் அழுத்திப் பார்ப்பாள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது, இதயம் திணறுகிறது என்று அர்த்தம். அடுத்த கேள்வி, "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கறீங்க?" படுத்தால் மூச்சு முட்டுகிறவர்தானே தலையணையை அடுக்குவார்! ஒன்று என்று புளுகினால் விடமாட்டாள். "இந்தம்மா போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று திட்டிக்கொண்டே குணமாகிப் போனவர்கள் எத்தனையோ பேர். லஸ் முனையில் காய்கறிப் பையோடு எதிர்ப்பட்டு, "சிஸ்டர், இப்போ ஒரே தலகாணிதான்!" என்பார்கள். என்ன காலம் அது! ரிட்டயர் ஆனபிறகு அந்தக் கட்டைவிரலுக்குப் பூண்டு உரிப்பதைத் தவிர வேலையில்லை.

வீட்டுக்காரர் வால்டர், ஓய்வு பெற்ற வாத்தியார். கொஞ்ச நாளாக ஹாலில் ஈசிசேரிலேயே தூங்கினார். "மேட்ச் பாத்துக்கினே கண்ணசந்துட்டேன்" என்பார். காலில் எந்நேரமும் சாக்ஸ். இந்த வெயிலில் சாக்ஸா என்று ஆலிஸ் கேலி செய்தாள். "வயசாச்சு இல்ல, குளிருது." அதையும் நம்பினாள். ஊரையே சந்தேகப்பட்டவள் கட்டினவரை நம்பிவிட்டாள், பாவி!

பெரிய வியாழன் சாயங்காலப் பூசை வந்தது. இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் வால்டரும் ஒருவர். சாக்ஸைக் கழற்றாமல் முடியுமா? ஃபாதர் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். அவர் விரல் பிடித்த இடமெல்லாம் குழியாக அப்படியே நின்றது. முதல் வரிசையில் இருந்த ஆலிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய், முட்டி போட்டு, அந்தக் கணுக்காலை அழுத்தினாள். கோயிலே அவர்களைப் பார்த்தது.

"ஈஸ்டர் முடியட்டும்னு இருந்தேன், ஆலிஸ்."

"ஒண்ணும் பேசாதீங்க. எழுந்திருங்க, ஆட்டோ பிடிக்கிறேன்."

அவள் வேலை பார்த்த அதே வார்டுதான். முகங்கள்தான் புதுசு. வர்ஷினி என்ற இளம் நர்ஸ் காலை அழுத்திவிட்டுக் கேட்டாள், "எத்தனை தலகாணி சார்?"

வால்டர் மனைவியைப் பார்த்தார். "படுக்கறதே இல்லம்மா. உக்காந்துகினேதான் தூங்கறேன்."

ஆலிஸுக்கு அழுகை பீறிட்டது. "பக்கத்து ரூம்லதானே இருந்தேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா இங்க கொண்டாந்து சேத்துடுவே. நீ டியூட்டில இல்லாத வார்டுல நான் எதுக்குப் படுக்கணும்?"

ஊரெல்லாம் கேட்ட கேள்வியை வீட்டில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

ஊசி போட்டதில் நீர் இறங்கி, ஈஸ்டர் காலையில் மூச்சு சீராகியிருந்தது. ஆலிஸ் அவர் காலை அழுத்தினாள். குழி விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் புருஷனிடம் கேட்டாள், "எத்தனை தலகாணி?"

"ரெண்டு, சிஸ்டர்."

அவர் தலைக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இரண்டேதான். அதற்கப்புறம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர அழுதாள்.