துண்டுக்குள் முடிந்த துப்பாக்கி விலை

அன்றைக்கு அகளியில் அந்த வீட்டு முன்வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், எங்கள் ஊர் மாட்டுத் தரகர், துப்பாக்கிகளை விற்க வைத்திருந்த மரக் கான்ட்ராக்டர், அவர் மனைவி. ஐந்தாவதாக யாரும் இல்லை. பின்னால் துப்பாக்கியைக் காட்டப் போன போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோதும் இதே வரிசையில்தான் சொன்னேன். ஓர் ஆளைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவேனோ என்று வழியெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் கோபாலபுரத்துக்குத் தெற்கே, கேரளத்துப் பக்கம். நான் குத்தகைக்கு எடுத்திருந்த இரண்டு ஏக்கர் அதற்கும் அப்பால், மலையடிவாரத்தில். கடலை போட்டிருந்தேன். முந்தின வருஷம் காட்டுப்பன்றிகள் முக்கால்வாசியைக் கிளறித் தின்றுவிட்டன. இந்த முறையும் குத்தகை அளக்காவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். பன்றிக்காகத் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, நடையாக நடந்து, ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. ஆனால் மாசக் கடைசிக்குள் துப்பாக்கியை வாங்கி ஸ்டேஷனில் காட்ட வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் செல்லாது.

பாலக்காட்டுக் கடையில் புதிய இரட்டைக் குழல் விலை கேட்டுவிட்டு, வாங்குகிறவன் போலவே கொஞ்ச நேரம் நின்று பார்த்து வெளியே வந்தேன். ஒற்றைக் குழல் என் கைக்கு எட்டும். ஆனால் முதல் குண்டு தப்பிப் பன்றி என் பக்கம் திரும்பினால்? தோட்டாவை மாற்றி அடைக்கும்வரை அது நிற்குமா? இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது விசை ஒன்று மிச்சம் இருக்கும். இதை நினைத்தே பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் அகளியில் ஒருவர் இரண்டு இரட்டைக் குழல்களை விற்கப்போவதாக ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, அதற்குக் காத்திருக்க வேண்டிய நாளும் கழிந்து, ஆள் தேடுகிறார் என்று தரகர் சொன்னார்.

துப்பாக்கி வாங்க மாட்டுத் தரகரை எதற்குக் கூட்டிப் போனாய் என்று என் மனைவி இன்றும் கேட்பாள். எங்கள் பக்கத்தில் எதை வாங்கினாலும் ஒரு தரகர் கூட வருவார், அவ்வளவுதான். எருமையை விற்ற காசு அறுநூற்று இருபது ரூபாய் என் மடியில் இருந்தது. அதைத் தரகரிடம் சொல்லவில்லை. கையில் இருப்பதைச் சொன்னால் விலை சரியாக அங்கேதான் போய் நிற்கும் என்று பயம்.

"எவ்வளவு கொண்டாந்திருக்கற தம்பி?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"பாத்து முடிச்சுக் குடுங்கண்ணா" என்றேன்.

கான்ட்ராக்டர் இரண்டையும் கயிற்றுக் கட்டிலில் வைத்தார். ஒன்று அவர் அப்பா காலத்தது. குழல் முழுக்கப் பாம்புத் தோல் மாதிரி வரிவரியாக இருந்தது. கட்டையில் பூவேலை. கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொன்று நம் நாட்டில் செய்தது. கட்டையில் ஒரு கீறல், குழலில் கறுப்புச் சாயம் அங்கங்கே போயிருந்தது.

"பளையது ஐநூறுக்குத் தர்றனுங்க. இது கொஞ்சம் கூடும்" என்றார்.

நல்லதாகத் தெரிகிற ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்ததும் அதைத் தொடாமல் தரகரைப் பார்த்தேன். தரகர் இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பல்லும் இல்ல சுழியும் இல்ல, நான் எதப் பாத்துச் சொல்றது? முட்டாதுங்கறது ஒண்ணுதான் நல்லது" என்றார்.

"முட்டுமுங்க. தோளுல வெச்சுச் சுட்டுப் பாருங்க" என்றார் கான்ட்ராக்டர் வீட்டு அக்கா, கதவோரத்திலிருந்து.

பிறகு தரகர் ஒரு காரியம் செய்தார். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றித் தரச் சொன்னார். மாட்டுக்கு மணி வாங்கும்போது செய்வதுபோல, பழைய குழல்களின் அடிக் கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கை விரல் முட்டியால் தட்டினார். தட் என்றது, மண்சட்டி மாதிரி. கீறல் விழுந்த துப்பாக்கியின் குழல்களைத் தட்டினார். ணங் என்று தெருவரைக்கும் கேட்டது. மறுபடி மாற்றி மாற்றித் தட்டினார்.

"இதுல பத்தவெச்ச ஈயம் உட்டுப் போச்சுங்க. ரெண்டு கொளலும் ஒண்ணோடொண்ணு ஒட்டல" என்றார் பழையதைக் காட்டி.

அக்காதான், "ரெண்டு மழைக்காலம் ஒழுகற ஓட்டுக்குக் கீள கெடந்துதுங்க" என்றார். கான்ட்ராக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். அக்கா பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை.

கீறல் விழுந்ததற்கு விலை பேசத் தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கான்ட்ராக்டர் கைமேல் போட்டுத் தன் கையையும் உள்ளே விட்டார். சந்தையில் நூறு பேர் சுற்றி நிற்பார்கள், விலை வெளியே தெரியக் கூடாது என்று விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இங்கே இருந்ததே நான்கு பேர்.

"இங்க யாருக்குங்க ஒளிக்கறீங்க?" என்று அக்கா சிரித்தார்.

ஒளித்தது எனக்கு மட்டும்தான். வாங்குகிறவன் நான், துண்டுக்குள் எத்தனை விரல் நீள்கிறது, எத்தனை மடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. தரகர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் துண்டை உருவிக் கான்ட்ராக்டர் கையில் ஓங்கி அடித்தார். முடிந்தது.

"எவ்வளவுங்ணா?"

"எட்டு நூறு. பத்துல ஆரம்பிச்சாரு."

மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தொட்டால் கூடிவிடுமா? "என்றகிட்ட அறுநூத்தி இருவதுதானுங்ணா இருக்குது" என்றேன்.

தரகருக்கு முகம் சிவந்துவிட்டது. "காத்தால பஸ்ஸுல கேட்டனா இல்லியா? பொண்ணுப் பாக்கப் போறவனாட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. துண்டுக்குள்ள முடிஞ்சத நான் இன்னைக்கு வரைக்கும் திருப்புனதில்ல தம்பி."

"அப்பப் பளையதயே எடுத்துக்கங்க. சும்மா வெடி வெச்சு வெரட்டத்தான?" என்றார் கான்ட்ராக்டர்.

ஐநூறு என்னிடம் இருந்தது. லைசென்ஸ் கெடுவுக்கு இன்னும் ஆறு நாள். கடலை பூவெடுத்து விழுது மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பன்றி வந்துவிடும். எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தட் என்ற சத்தம் காதிலேயே நின்றது. அதைக் கன்னத்தில் சாய்த்து வைத்து விசையை இழுக்கிற ஆள் நான்.

"வேண்டாமுங்க. வெறுங்கையோட போய்க்கறனுங்க" என்று எழுந்துவிட்டேன்.

அக்கா வாசலுக்கு வந்தார். "நல்லதயே குடுத்து அனுப்புங்க. மீதிய கடலை வெளஞ்சு குடுக்கட்டும்."

"குடுக்காட்டி? லைசென்ஸுல ஏறுனதுக்கப்பறம் திருப்பி வாங்க முடியுமா?"

"இவ்வளவு பயப்படறவரு கடன வெச்சுக்கிட்டுத் தூங்குவாரா?"

கான்ட்ராக்டர் ரொம்ப நேரம் குழலைத் துடைத்தார். பிறகு பேனா கேட்டார். மடியிலிருந்த அறுநூற்று இருபதையும் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் எண்ணூறும் வாங்கிக்கொண்டதாக எழுதினார், பாக்கி போட்டால் ஸ்டேஷனில் கேள்வி வரும் என்று. நான் ஆறாவதோடு நின்றவன், குழலில் இங்கிலீஷ் எழுத்தோடு சேர்ந்திருந்த எண்ணைச் சரியாகப் படிக்க வராது. அவர்கள் லைசென்ஸில் இருப்பதோடு ஒத்துப் பார்க்க அக்காவை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். நான்காவது தடவை கேட்டபோது, "இது உங்க ஜாதகமில்லீங்க" என்றார்.

ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூர் போய்த் திரும்பினால் சீக்கிரம் வீடு சேரலாம் என்றார் தரகர். என் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும்தான். மண்ணார்க்காடு வழியாகவே வந்தோம், சாக்கில் சுற்றிய துப்பாக்கி என் தொடைமேல், தரகர் முன் சீட்டில் தனியாக.

கெடுவுக்குள் ஸ்டேஷனில் காட்டினேன். அந்தப் பருவத்தில் ஏழு தடவை சுட்டேன். பன்றி ஒன்றுகூட விழவில்லை, ஆனால் வரப்புத் தாண்டி வருவது குறைந்தது. குத்தகை அளந்து, மீதி கடலையை விற்று, அகளிக்குப் போய் நூற்றைம்பது கொடுத்தேன். மிச்சத்தை அடுத்த தடவை தருகிறேன் என்றேன். அக்கா மோர் கொடுத்தார். அடுத்த வருஷம் போனபோது வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அகளி விலாசத்துக்கே இரண்டு தடவை கார்டு போட்டேன், திரும்பி வந்துவிட்டது.

தரகர் இப்போது இல்லை. ரசீதில் முழுத் தொகையும் கொடுத்ததாகத்தான் இருக்கிறது. பாக்கி முப்பது ரூபாய்.