குடும்பத்தைச் சேமிக்கவும்

அந்தத் தெருவில் சோபா கிழிந்தாலும் நாற்காலி தொய்ந்தாலும் குஷன்காரரிடம்தான் வருவார்கள். இரண்டு கடைகளுக்கு நடுவே சந்து மாதிரி நீண்டு கிடக்கும் பட்டறை. சுவரோரம் ஃபோம் அடுக்கு, மேலே ரெக்சின் சுருள்கள், நடுவில் எப்போதும் ஏதாவது ஒரு சோபா கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். பழைய துணியை உரிக்கும்போது உள்ளே விழுந்து கிடக்கிற கொண்டை ஊசி, சாவி, ஒரு தடவை பல்செட்கூட, எல்லாவற்றையும் துடைத்து உரியவர்களிடம் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போதும் பெரிதாகப் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவிதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கடல் தாண்டிப் போய் ஐந்து வருடம் ஆகிறது.

சின்ன மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்த மருத்துவமனையை மூடினார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் தூர தேசத்தில் ஒரு வயதான தம்பதியை வீட்டோடு தங்கிக் கவனிக்கிற வேலை வந்தது. "ஒரே ஒரு வருஷம்ங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குஷன்காரர் எத்தனையோ தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்துவிட்டார்.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உறவுக்காரர்களே அலுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் மாமனாரும்தான். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்கலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மகள் விமானம் ஏறினாள், அவர் மருமகனிடம் தங்கிப்போனார். இரண்டு ஆண்களும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு, அதை மட்டும் வாய் திறந்து சொல்லாமல், மாற்றி மாற்றிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். உப்பு கூடிப்போனால் யார் போட்டது என்பதுதான் வீட்டில் நடக்கிற ஒரே சண்டை.

போன மாதம் அவள் இருக்கிற ஊரில் பெரும் புயல் அடித்தது. இரண்டு நாள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. குஷன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் அந்த ஊரின் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கூரை பறந்த வீடுகள், சாய்ந்த கம்பங்கள். எந்தப் படத்திலாவது அவளுடைய நீலக் கம்பளிச் சட்டை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "ஒண்ணும் ஆகலங்க. கரண்ட் இல்ல, அவ்வளவுதான்." அவர் "சரி" என்றார்.  போனை வைத்தபின் ஃபோம் அடுக்கில் சாய்ந்து வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அதிலிருந்து அவர் போனைத் திறந்தால் போதும், அந்த விளம்பரம் வந்து நிற்க ஆரம்பித்தது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், மின்தடை, எதுவானாலும் தப்பிப் பிழைக்க இருபத்து நான்கு மின்நூல்கள். எல்லாம் சேர்த்து வாங்கினால் எண்பது சதவீதம் தள்ளுபடி. பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கடிகாரம், சலுகை முடியப்போகிறது என்று நொடி நொடியாகக் குறைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தால் வண்டி கிளம்பப்போகிறது, நாம் இன்னும் ஏறவில்லை என்பது போல இருக்கும். இதற்கு முன் அவர் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியதே இல்லை. ஆனாலும் விரல் அந்தப் பக்கம் போனது. புயலடித்த இரண்டு நாளும் தான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவரை அரித்தது.

வாங்குவதற்கு முன்னால் இலவசமாகச் சில பக்கங்கள் படிக்கலாம் என்றிருந்தது. மத்தியானம் பாதி தைத்த மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து அதைத் திறந்தார். 'படி ஒன்று: குடும்பத்தினர் அனைவரையும் ஒரே அறையில் அமர வைக்கவும். தொடர்பு துண்டிக்கப்பட்டால் எங்கே சந்திப்பது என்று கூடி முடிவு செய்யவும்.'

குஷன்காரர் அதற்கு மேல் போகவில்லை. எல்லோரும் ஒரே அறையில். அவர் மனசுக்குள் வீட்டு முன்னறை வந்தது. ஜன்னலோரம் அவள் காலை மடக்கி உட்காரும் இடம், அங்கே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிக்கிற அழகு. இப்போது அந்த இடத்தில் மாமனாரின் துண்டு காய்கிறது. இருபத்து நான்கு புத்தகத்தையும் வாங்கினாலும் படி ஒன்றைத் தாண்ட முடியாதே என்று நினைத்தார். நினைத்துவிட்டு ஸ்டேப்ளரை எடுத்து, தேவைக்கு மேலேயே நாலைந்து அடி அடித்தார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது போனை மாமனாரிடம் நீட்டினார். "இத வாங்கலாமான்னு பாருங்க மாமா."

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "'உங்கள் குடும்பத்தை அடித்தளத்தில் சேமிக்கவும்.' சேமிக்கறதா? குடும்பத்தையா? எங்க மாப்பிள்ள, பரண்லயா?"

"வேற பாஷைல இருந்து மாத்திருக்காங்க போல. காப்பாத்தணும்னு சொல்ல வந்திருப்பாங்க."

"நாம இருக்கறது மூணாவது மாடி. அடித்தளத்துல அடுத்தவன் கடை போட்டிருக்கான்." மாமனார் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தார். "தோட்டத்துல கிணறு வெட்டச் சொல்றான். ம்... சரி, கரண்ட் போச்சுன்னு வைங்க. இந்தப் புஸ்தகம் எங்க இருக்கும்?"

"போன்லதான்."

"போன்ல சார்ஜ் தீந்துட்டா?"

குஷன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வாங்க வேணாம்னு சொல்லல" என்றார் மாமனார், குரலை இறக்கி. "உங்க மனசு எனக்குத் தெரியுது. எனக்கும் அந்த ரெண்டு நாள் தண்ணி எறங்கல."

மறுநாள் காலையில் பார்த்தால், முடிந்துபோயிருக்க வேண்டிய கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வேறு இரண்டு புத்தகங்களின் இலவசப் பக்கங்களைத் திறந்தார். தலைப்புதான் வேறு வேறு, உள்ளே அதே கிணறு, அதே அடித்தளம். ஏமாற்றுக் கடை என்று அவர் புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. மாமனாரோ, அவ்வளவு கேலி பேசியவர், காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அதுல பல்வலிக்கு ஏதாவது பாடம் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கூப்பிட்டபோது குஷன்காரர் அவளிடமே கேட்டுவிட்டார். அவள் சிரித்தாள். "புஸ்தகமா? நீங்களா? வீட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகையையே நான்தான் படிச்சுக் காட்டணும்." சிரிப்பு நின்றதும், அந்த இரண்டு நாளைப் பற்றி முதல் தடவையாக விவரமாகச் சொன்னாள்.

"பெரியவர்தான் போன வருஷமே போய்ட்டாரே. நானும் அந்த அம்மாவும்தான். ஜன்னல் எல்லாம் உதறுது. வீட்டு நடுவுல ஜன்னல் இல்லாத நடையில மெத்தையப் போட்டு அவங்கள உக்கார வச்சேன். பயம் போகணும்னு பேசிட்டே இருந்தேன். நம்ம பாஷைலதான். உங்களப் பத்தி, பட்டறையப் பத்தி, அப்பா குறட்டையப் பத்தி. அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா தலையாட்டிட்டே கேட்டாங்க."

"எங்களுக்கு ஒரு போன் பண்ணிருக்கலாமே" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் குறைபோலத்தான் விழுந்தது.

"பண்ண ஆசைதான். என் போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க அன்னிக்கே வந்து, அவங்க போன கையில குடுத்தாங்க. வாங்கி வச்சுட்டு அப்படியே நின்னேங்க. உங்க நம்பர் எனக்குத் தெரியல. பேரத் தொட்டாப் போகும், அவ்வளவுதான் தெரியும். முதல்ல இருக்கற நாலு எண் ஞாபகம் இருக்கு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. மூணாம் நாள் அவங்க வீட்டுப் பழைய போன் ஒண்ணுல என் சிம்மப் போட்டதும்தான் உங்க பேரு வந்துச்சு. நம்பர் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அப்ப சொல்லல."

குஷன்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவருக்கும் அவளுடைய எண்ணில் ஒரு இலக்கம்கூட நினைவில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடமாக அந்த எண்ணின் வழியாகத்தான் அவள் அவருக்குக் கிடைக்கிறாள். அது என்னவென்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எப்ப வர்ற?" என்றார். ரொம்ப நாளாக அவர் கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்வி.

அந்தப் பக்கம் ஒரு கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அந்த அம்மா இப்பல்லாம் என்னைய அவங்க மக பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. அந்த மக எங்க இருக்கான்னே தெரியல. விட்டுட்டு வர மனசு வரலங்க. வராமயும் இருக்க முடியல."

"சரி" என்றார் அவர்.

புத்தகங்களை அவர் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை என்பதுதான் உண்மை. வெட்டுத் துணியின் பின்பக்கத்தில் சாக்பீஸால் அவளுடைய எண்ணைப் பெரிதாக எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நாட்டுக் குறியீடும் சேர்ந்து ரயில் மாதிரி நீளமாக இருந்தது. ஃபோம் வெட்டும்போது சொன்னார். நாடா இழுத்துக் கட்டும்போது சொன்னார். வாடிக்கையாளர் அளவு சொல்லும்போது ஒரு தடவை அளவுக்குப் பதில் அவளுடைய எண்ணின் நடுப்பகுதியை எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்தால் மாமனார் முந்திக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். டிக்கெட் கட்டணங்களை வாழ்நாள் முழுவதும் தலையில் வைத்திருந்தவர் அல்லவா. "கடைசி ரெண்ட மாத்திச் சொல்றீங்க மாப்பிள்ள. எட்டு, அப்புறம் மூணு."

முழுசாக மனசில் ஏறிவிட்டது என்று தோன்றிய நாளில், இரண்டு பேரும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தெருமுனை நகல் எடுக்கும் கடைக்குப் போனார்கள். அங்கே வெளிநாட்டுக்குப் பேச ஒரு போன் இருந்தது. குஷன்காரர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். மாமனார் பக்கத்தில் நின்று விரலையே பார்த்தார்.

மணி போனது. எடுத்தாள். தெரியாத எண் என்பதால் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள், இரண்டு மூன்று வார்த்தை. பணிவாக, தெளிவாக, அவர் ஒரு நாளும் கேட்டிராத ஒரு குரலில். அங்கே இருக்கிறவர்கள் தினமும் அவளுடைய இந்தக் குரலைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. குஷன்காரர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள்.

"நான்தான்" என்றார்.

"ஏங்க? இது யாரு போன்? அப்பாவுக்கு ஏதாவதா?" ஒரு நொடியில் பழைய குரல் ஓடி வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்ல. உன் நம்பர் மனப்பாடம் ஆயிடுச்சான்னு பாத்தேன். பாக்காமத்தான் அடிச்சேன்."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "எங்க, சொல்லுங்க கேப்போம்" என்றாள்.

கடையில் நகல் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்க, குஷன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு அவளுடைய எண்ணை அவளுக்கே முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எட்டு, மூன்று என்று சரியாகவே முடித்தார்.

"அந்த அம்மா கூப்பிடறாங்க" என்றாள் அவள். "வச்சிடறேங்க."

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபின் மாமனார் கேட்டார். "என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல மாமா. கேட்டுட்டு இருந்தா."

மாமனார் தலையை ஆட்டினார். பிறகு, "அடுத்த வாரம் நான் அடிக்கறேன்" என்றார்.