உச்சி வெயிலில் மிதுக்கு வத்தல்

இதையெல்லாம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கிறேன். அடுத்தவர் எழுதி, அடுத்தவர் அச்சடித்த தாளை ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. டீக்கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால்கூட ஓரமாக நின்று குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் எழுத உட்கார்ந்து, அதுவும் வத்தல் காயப்போட்ட கதையை எழுதினால் சிரிக்கத்தான் தோன்றும். பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நடந்ததை வத்தலை விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு ஆமத்தூரில் இருக்கிறது. கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. என் மனைவி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே அவளுக்குக் காயப்போடுகிற வேலை. வாணத்துக்குள் வைக்கிற மருந்து உருண்டைகளைத் தட்டில் பரப்பி, வெளியே மேடையில் வெயில் காட்டி, பதம் பார்த்து எடுத்துவர வேண்டும். அந்த வேலைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. செருப்பு கூடாது. தட்டை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று குவியக் கூடாது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் மேடை காலியாகிவிட வேண்டும். இதையெல்லாம் அவள் எனக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. வீட்டில் சோற்றுப் பானையை நகர்த்தும்போதுகூடத் தூக்கித்தான் வைப்பாள். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு நாள் மதியம், அவர்கள் கம்பெனியை ஒட்டிய ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த இன்னொரு கம்பெனியில் வெடித்துவிட்டது. காயப்போட்ட இடத்தில்தான் என்று பேசிக்கொண்டார்கள். இவள் கம்பெனியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேனில் எல்லோரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதை அடுப்படியில் வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் படுத்துக்கொண்டாள். பிறகு வேலைக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

வேலைக்குப் போகாதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் வெயிலுக்கே வராமல் போய்விட்டாள். கடைக்குப் போவதென்றால் பொழுது சாய்ந்துதான். மாடிப்படியில் கால் வைக்கவே மாட்டாள். துவைத்த துணியை வாளியில் போட்டுப் படி அடியில் வைத்துவிடுவாள். நான் வேலைக்குக் கிளம்புமுன் அதைக் கொண்டுபோய்க் கொடியில் போடுவேன். எதிர்வீட்டு மாடியில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். சேலையைக் காயப்போடும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். முதுகைக் காட்டிக்கொண்டே போட்டுவிட்டு இறங்கிவிடுவேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் கறிவேப்பிலை மணந்தது. உள்ளறையில் பழைய வேட்டியை விரித்து, உருவிய இலையைப் பரப்பி, ஃபேனைச் சுற்றவிட்டிருந்தாள். பொடி செய்யவாம். எனக்குச் சந்தோஷம். அவளாக ஒரு வேலையை எடுத்துச் செய்கிறாளே என்று நினைத்தேன். மறுவாரம் ரோட்டோரம் பூத்துக் கிடந்த ஆவாரம்பூவை ஒரு பை நிறையப் பறித்து வந்து கொடுத்தேன். அதையும் காய வைத்தாள். பிறகு முருங்கையிலை, துளசி, பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து தந்த பன்னீர் ரோஜா. உள்ளறையில் கட்டிலுக்கு மட்டும் இடம் விட்டு மிச்ச இடமெல்லாம் இலையும் பூவுமாகக் கிடந்தது. ஆவாரம்பூ மஞ்சள் மாறாமல் காய்ந்தது. ரோஜா இதழ் கறுக்காமல் சுருங்கியது.

"எம்புட்டு நிறமா இருக்கு பாருங்க" என்று கையில் அள்ளிக் காட்டினாள்.

பார்த்தேன். நிறமாகத்தான் இருந்தது. எல்லாமே நிழலில் காய்கிற சாமான்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் வேண்டிய எதையும் அவள் தொடவில்லை. மிளகாய் இல்லை, கொத்தவரை இல்லை. அவள் வெயிலை விட்டுவிட்டு வாழ ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அது நல்ல வழியா, கெட்ட வழியா என்று எனக்குத் தெரியவில்லை. பூ நன்றாகக் காய்கிறது. ஆள் வெளுத்துக்கொண்டு வருகிறாள். இதை எப்படி அவளிடம் கேட்பது? நான் பொண்டாட்டியிடமே நாலு வார்த்தை யோசித்துப் பேசுகிறவன்.

மாசி மாதம் அவள் தங்கச்சி மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சாக்குப் பையோடு வந்தாள். அவர்கள் வீட்டுக்குக் கரிசல் காடு இருக்கிறது. பருத்திக்கு நடுவில் தானாக முளைத்துப் படர்கிற மிதுக்கங்காயைப் பொறுக்கி வந்திருந்தாள். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பச்சையில் கோடு போட்ட காய். கசக்கும். கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, நல்ல வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் தயிர்ச்சோற்றுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

பையைக் கொட்டிவிட்டு அவள் அக்காவைப் பார்த்தாள். "என்னக்கா, வெள்ளைக்காரி மாதிரி ஆயிட்ட? ஒருநாளும் வெளிய வாரதில்லையா?"

"வெயிலு ஆகலடி."

"வெயிலு ஆகாம விருதுநகர்ப் பக்கம் பொறக்கலாமா? கொடைக்கானல்ல போய்ப் பொறந்திருக்கணும். சரி, இதை யாரு காயப்போடுவா?"

என் மனைவி கொட்டிய காய்களைக் கையால் கூட்டினாள். நான் எப்படியோ வாய் திறந்துவிட்டேன். "நான் போடுறேன்."

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தான் வத்தல் போடப் போறீகளா? அம்புட்டும் காக்கா கொண்டுபோயிரும். சொல்லிட்டேன்."

மறுநாள், அடுத்த பொங்கல் வரைக்கும் நினைத்துச் சிரிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கம் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் வேஸ்ட் ஷீட்டுக்குப் பஞ்சமே இருக்காது. அலமாரியில் விரிப்பது, புத்தகத்துக்கு அட்டை போடுவது, பலகாரத்துக்கு அடியில் போடுவது எல்லாம் அதில்தான். நானும் மை சரியாகக் காயாத புதுக் காலண்டர் ஷீட்டைக் கொண்டுவந்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி மாடியில் விரித்து, மோர் வடிந்தும் வடியாமலும் காயைப் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காற்றில் தாள் புரண்டு, ஈரக்காய் படத்துப் பக்கம் கிடந்தது. பாதிக்காய் நீலம், மீதிக்காய் ரோஸ். அள்ளிக்கொண்டு கீழே வந்தேன்.

அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படிச் சத்தமாகச் சிரித்தாள்.

"மயில் கழுத்து நிறமுல்லா வந்திருக்கு! இதைப் பொரிச்சு யாரு திங்க? உங்க மொதலாளிக்குக் கொண்டுபோய்க் குடுங்க, அவுக மையிதான."

அந்தக் காயைக் கொட்டிவிட்டோம். நல்லவேளையாகப் பையில் பாதியை ஊறப்போடாமல் வைத்திருந்தோம். அதைக் கீறி மோரில் போட்டாள். "இந்தத் தடவை தட்டுல போடுங்க" என்று ஒரு பெரிய தகரத் தட்டை எடுத்து வைத்தாள். மாடிக்கு வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் எனக்கு லீவு. காலையில் தட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். முதலில் வைத்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தது. கனமான தட்டு. தூக்கச் சோம்பல்பட்டுக் காலால் தள்ளி, கையால் இழுத்தேன். சிமெண்டுத் தரையில் தகரம் உரசி, கர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது.

படியில் தடதடவென்று காலடி. திரும்புவதற்குள் அவள் மாடிக்கு வந்துவிட்டாள்.

"இழுக்காதீக! ஏங்க, இழுக்காதீக! தூக்குங்க!"

கத்திக்கொண்டே ஓடிவந்து தட்டின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த வேகத்தில் நானும் இந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு பேரும் ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அவளுக்கு மூச்சு இரைத்தது. தூக்கிய வேகத்தில் காய்கள் தட்டுக்குள் உருண்டன.

"மிதுக்கங்காதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

மெதுவாக இறக்கி வைத்தோம். அப்போதுதான் தான் நிற்கிற இடம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கீழே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் குனிந்து, ஒன்றின்மேல் ஒன்று கிடந்த காய்களை விரலால் பிரித்து ஒரே வரிசையாகப் பரப்பினாள். அவள் கை அதற்கென்றே பழகிய கை. என் கண்ணுக்கு அது வத்தல் தட்டாகத் தெரியவில்லை. வேறு எதையோ அவள் பரப்பிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தினம் காலையில் மாடிக்கு வந்தாள். ஆனால் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவாளாம். நான் வேலைக்குப் போன பிறகு நடக்கிற காரியம் என்பதால் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பூவுக்கு அது போதும். மிதுக்கங்காய்க்குப் போதாது. அது உச்சி வெயிலைக் குடிக்க வேண்டிய காய். ஒரு வாரத்தில் தட்டிலிருந்து புளித்த வாடை வந்தது. ஒன்றிரண்டு காயின் கீறலில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தது.

தங்கச்சி போனில் விசாரித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வத்தல் காஞ்சிருச்சாக்கா?"

"இல்லடி. மத்தியானத்துக்கு முன்ன எடுத்திருதேன்."

"ஏன்? அக்கா, அது எண்ணெயில போட்டாத்தான் பொரியும். வெயில்ல ஒண்ணும் வெடிக்காது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். இவள், "சரி வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு பூசணம் பிடித்த காய்களைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தாள். நான் கிட்டே உட்கார்ந்து நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"ஞாயித்துக்கெழம நான் வீட்லதான இருப்பேன்" என்றேன். "அன்னைக்கு எடுக்காம விட்டுப் பாப்பமா?"

அவள் காயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீங்களும் அங்கன இருக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டை இரண்டு பேரும் தூக்கி மாடி நடுவில் வைத்தோம். நல்ல வெயில். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொட்டகை உண்டு. அதன் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏற அவள் கண் தட்டைவிட்டு அகலவில்லை. வழக்கமாக எடுக்கிற நேரம் வந்ததும் எழுந்துவிட்டாள். எழுந்து நின்றவள் தட்டு வரைக்கும் போய், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். தரை சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"செருப்பப் போட்டுக்க" என்றேன். "இங்கன போடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள். குனிந்து தட்டிலிருந்த காய்களை ஒரு கை அள்ளி, இன்னொரு பக்கம் திருப்பிப் போட்டாள். தட்டை எடுக்கவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வெயில் மாடி முழுக்க நின்றது. காக்கைகூட வரவில்லை. தூரத்தில் எங்கேயோ கோயில் கொடைக்கோ, கல்யாணத்துக்கோ சரவெடி போட்டார்கள். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். வெடிச் சத்தம் நின்ற பிறகும் விடவில்லை. வெயில் தணிந்த பிறகு அவள் போய்த் தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள். ஓரத்துக் காய்கள் மட்டும் கலகலவென்றன.

"இன்னும் ஒரு வெயிலு வேணும்" என்றாள்.

மறுநாள் மேகம் போட்டிருந்தது. அவசர ஆர்டர் என்று கூப்பிட்டதால் நான் சீக்கிரமே அச்சகத்துக்குப் போய்விட்டேன். கிளம்பும்போது துணி வாளி படி அடியிலேயே இருந்தது; கொடியில் போட எனக்கு நேரமில்லை. சாயங்காலம் வந்தபோது வத்தல் உள்ளறையில் ஃபேனுக்கு அடியில் கிடந்தது. மாடிக் கொடியில் என் சட்டைகள் காய்ந்திருந்தன.