ஆயிரம் என்று எழுதியிருந்த பிளேட்டு

1. விரல் வைத்த இடம்

“பத்தாயிரத்துக்குப் பக்கத்துல ஆயிரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க. மீதி எங்கம்மா போச்சு?”

விசாரணைக்கு வந்த அதிகாரி, வோல்டேஜ் ரெகுலேட்டரின் பிளேட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர் நின்றது. அதன் பிளேட்டில் திறன் பத்தாயிரம் கேவிஏ. ரெகுலேட்டரில் ஆயிரம் கேவிஏ. இந்த இரண்டு எண்களும் என் பதவி உயர்வைத் தின்றுவிட்டன.

பல்லடம் பக்கம் இருந்த அந்த சப்ஸ்டேஷனுக்கு நான்தான் பொறுப்பு. ரெகுலேட்டருக்கு ஸ்பெசிபிகேஷன் எழுதியவளும் நான்தான். அப்போது செயற்பொறியாளர் பதவிக்கான உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. அதற்காகத்தான் அத்தனை வருடம் கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே நாயாய் உழைத்திருந்தேன்.

மொட்டைப் பெட்டிசன் போட்டது ஒரு நிட்டிங் யூனிட் முதலாளி. ரெகுலேட்டர் கேட்டு நடையாய் நடந்தவரும் அவரேதான்.

“ஏனுங்க மேடம், பொழுது சாஞ்சாப் போதும், வோல்டேஜ் இறங்கி மெசின் நின்னு போகுதுங்க. துணியில கோடு உழுகுது. துணி வாங்கற பையர் ரிஜெக்ட் பண்ணிப்போடறானுங்க.”

அவர் சொன்னது உண்மை. தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும். ரெகுலேட்டர் வந்தது. அதற்குக் கரண்ட் கொடுத்து ஓடவிட்ட அன்று முதலாளி பூஜைக்கு வந்து லட்டும் சாப்பிட்டார். போகும்போது பிளேட்டைப் படித்திருக்கிறார். ஊட்டுக்குப் போய், சின்னதை வாங்கி வைத்துவிட்டு மீதிப் பணத்தை நான் தின்றுவிட்டதாகப் பெட்டிசன் எழுதிவிட்டார். பெயர் போடாவிட்டால் என்ன, ‘துணியில் கோடு’ என்ற புலம்பலை அதிலும் விடாமல் எழுதியிருந்தாரே!

2. ஒரு மாடிக்குப் படி

அதிகாரிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்பதாவது மாடியில் நிற்கும் கூட்டத்தைப் பத்தாவதுக்கு ஏற்ற ஒரு மாடிக்குப் படி கட்டினால் போதும். கூட்டம் முழுக்க அதில்தான் ஏறும் என்பதால் அகலம் மட்டும் குறையக் கூடாது. ரெகுலேட்டரும் அப்படித்தான். முழு லோடின் கரண்ட்டும் அதன் வழியாகப் போகும். ஆனால் அது கூட்டுவதும் குறைப்பதும் பத்து பர்சண்ட் வோல்டேஜ்தான். அந்தப் பத்து பர்சண்ட் வேலைக்குத்தான் ரேட்டிங். பத்தாயிரத்தில் பத்து பர்சண்ட் ஆயிரம்.

“படிக்கட்டுக் கதையெல்லாம் வேண்டாம்மா. பிளேட்டுல இருக்கற எண்ணைச் சொல்லுங்க” என்றார் அவர்.

என் மேலதிகாரி பக்கத்திலேயே நின்றார். எஸ்டிமேட்டை வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றார். அதிகாரியின் ஜீப் போனதும் சொன்னார்.

“எனக்குத் தெரியாதா அம்மிணி? கணக்கு சரிதான். நான் வாயத் தொறந்தா என்னையும் சேத்துக்குவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க.”

பெட்டிசன் போட்டவனை மன்னித்துவிடலாம். அவனுக்குத் தெரியாது. இந்த மனுசருக்குத் தெரியும்.

3. நிரூபிக்கப்படவில்லை

விசாரணை இழுத்தது. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். ரெகுலேட்டர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் ரிட்டயர் ஆகும் சமயத்தில்தான் ஆர்டர் வந்தது: ‘குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.’ நான் தப்பு செய்யவில்லை என்று ஒரு வரி அதில் இல்லை.

போன தை மாதம் உடுமலையில் ஒரு கல்யாணத்தில் அந்த முதலாளி என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

“மேடம், சௌக்கியங்களா? புது யூனிட்டுக்கு நாங்களே ஒரு ரெகுலேட்டர் போடறோமுங்க. லோடு ஆயிரமுங்க. கன்சல்டன்ட் நூறு கேவிஏ போதும்ங்கறாரு. பத்து பர்சண்டு ஏத்தி இறக்கறதுக்கு ஆயிரம் கேவிஏ மெசின் வாங்க நான் என்ன கிறுக்கனுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மனசு நெறவுங்க.”

“போதுங்க” என்றேன். “ஆனா பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல வெச்சுப்போடாதீங்க. யாராச்சும் பெட்டிசன் எழுதிருவாங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை.

இளைய பொறியாளர்களே, கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள். மெஷின் வந்து இறங்கிய அன்றே, பிளேட்டுக்குப் பக்கத்தில், ‘இதன் வழியாகப் போகும் லோடு பத்தாயிரம்’ என்று பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து வையுங்கள். எனக்குப் பிறகு அங்கே பொறுப்புக்கு வந்தவர் அப்படிப் பெயிண்ட் அடித்து வைத்துவிட்டார். அவர் இப்போது செயற்பொறியாளர்.