கல்வராயன் மலையில் நான் வென்ற வாதம்

2006 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு, விருத்தாசலம் ரயில் நிலையத்திற்கு எதிரே இருந்த டீக்கடையிலிருந்து எங்கள் மூன்று சைக்கிள்களும் புறப்பட்டன. கல்வராயன் மலைமீது, வெள்ளிமலைக்கு அருகே உள்ள ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் பட்டிமன்றம் நடத்த வேண்டும். 'பிள்ளையை உயர்த்துவது வீடா, பள்ளியா?' என்பது தலைப்பு. பள்ளியே என்று முழங்க வேண்டியவன் நான். எங்கள் ஊருக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் மேடை அது. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. அந்த மேடையில் உரிய நேரத்தில் ஏறுவதைத் தவிர அப்பயணத்தில் எனக்கு வேறு நோக்கமே இல்லை.

பேருந்தில் சென்றிருக்கலாமே என்று வாசகர் கேட்பது நியாயம். நானும் அதையேதான் கேட்டேன். தடுத்தவன் நடுவராக வரவிருந்த நண்பன் குமார். அவன் தந்தைக்கு ஊரில் செராமிக் பட்டறை உண்டு. பரிசாக வழங்கப் பீங்கான் பொம்மைகள் கொண்டுவருவதாக அவன் பள்ளிக்கு வாக்களித்திருந்தான்.

"பஸ்ஸுல கண்டக்டரு பொட்டிய மேல தூக்கிப் போடுவாரு. மலைக்கு வெறும் சில்லுதான் போய்ச் சேரும்," என்றான்.

"அப்படியென்றால் நீ மட்டும் சைக்கிளில் வா" என்றேன்.

"உன் பேச்சு ஒடஞ்சா நடுவுல தண்ணி குடிச்சி ஒட்டிக்கலாம். பொம்ம ஒடஞ்சா ஒட்டாதுடா."

பெட்டிக்குள் வைக்கோல் திணித்து, பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டியிருந்தான். சாலையில் ஒரு பள்ளம் தென்பட்டால் போதும், இறங்கித் தள்ளத் தொடங்குவான். நல்லூர்ப் பக்கம் திரும்பும் சாலையைக் கடப்பதற்குள் பதினொரு முறை இறங்கினான். மூன்றாமவன் சாதிக், மங்கலம்பேட்டைக்காரன், வீட்டுக்காக வாதாட வேண்டியவன். துபாயில் இருக்கும் அவன் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கிய கியர் சைக்கிளில் அரை கிலோமீட்டர் முன்னே பறப்பான். புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு, "மெதுவா வாங்க தலைவரே, மலை எங்கயும் ஓடிப் போயிடாது," என்பான்.

வேப்பூரில் டீ இரண்டு ரூபாய். சின்னசேலத்தில் பரோட்டா மூன்று ரூபாய், அதுவும் ஆறியது. எழுபத்தைந்து கிலோமீட்டரை உருட்டிக் கச்சிராயபாளையத்தில் குமாரின் சித்தி வீட்டை அடைந்தபோது மாலை ஆறு மணி.

வெள்ளி காலை ஆறரைக்கு மலை ஏறத் தொடங்கினோம். கோமுகி அணையைக் கடந்ததும் சாலை எங்களை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டது. இருபது கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். தள்ளிக்கொண்டே போனாலும் பகல் ஒரு மணிக்குள் மேலே இருப்போம் என்று கணக்கிட்டிருந்தேன். கணக்கில் பிழையில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு வளைவில், ஆடு ஓட்டி வந்தவர் ஒருவர் சாலைக்கு மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். "இப்படியே ஏறுனா இந்த வளைவெல்லாம் வேணாங்க. நாங்க அரைமணியில போயிடுவோம்."

சாதிக் அப்பொழுதே பாதைப் பக்கம் சைக்கிளைத் திருப்பிவிட்டான். சாலைதான் சரி என்றேன் நான். இங்கே நாங்கள் மூவரும் சேர்ந்த பேச்சு மன்றத்தின் ஒரு மரபை வாசகருக்குச் சொல்ல வேண்டும். எந்தக் கருத்து வேறுபாட்டையும் நாங்கள் வாதாடியே தீர்ப்போம். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்போம். தான் நம்பாததையும் நிறுவத் தெரிந்தவனே பேச்சாளன் என்று அவ்விதியை வகுத்தவனும் நானே.

குமார் காசைச் சுண்டினான். சாலைக்காகச் சாதிக், குறுக்குவழிக்காக நான்.

சாதிக் எழுந்து, "சாலை நல்லா இருக்குது. அவ்ளோதான்," என்று அமர்ந்துவிட்டான். தோற்பதே அவனுக்கு லாபம். நானும் அப்படி இரண்டு சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் எதிரே ஒரு நடுவர் இருக்க, அரைகுறையாகப் பேச எனக்கு நா எழவில்லை. "நடுவர் அவர்களே, சாலை வளைந்தது லாரிக்காக, மனிதனுக்காக அல்ல. மலைமக்களின் பாதங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிய தீர்ப்பு இப்பாதை. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நாம் யார்?" என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசினேன். ஆடு மேய்ப்பவர்கூடக் கோலை ஊன்றி நின்று கேட்டார்.

"குறுக்குவழியே," என்று தீர்ப்பளித்தான் குமார்.

"வாதம் வேறு, வழி வேறு. சாலையில் போவோம்," என்றேன்.

"அதெப்புடி? சட்டம் போட்டவரே தீர்ப்ப மதிக்கலன்னா, நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றான் சாதிக்.

ஆக, என் சொல்லாலேயே நான் அப்பாதையில் ஏறினேன். முதல் நூறு அடிக்குப் பிறகு அதைப் பாதை என்பது மொழிக்குச் செய்யும் அநீதி. பாறை, முள், மறுபடியும் பாறை. சைக்கிள்களைத் தோளில் சுமந்தோம். பொம்மைப் பெட்டியைத் தனியே இருவர் பிடித்துத் தூக்கி, பத்தடி ஏறி, வைத்துவிட்டு, சைக்கிளுக்காக இறங்கி வந்தோம். சாதிக்கின் துபாய்ப் பணத்துக் கியரில் கொடி சுற்றிக்கொண்டது. மீண்டும் தார்ச்சாலையில் கால் வைத்தபோது மணி ஒன்று. மைல்கல்லைப் பார்த்தேன். நாங்கள் சாலையை விட்ட இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான் வந்திருந்தோம்.

விறகுக்கட்டோடு வந்த அம்மா ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆடு ஏறுற வழியில சைக்கிள கொண்டாந்தீங்களா? எவன் சொன்னான்?"

"இவருதாங்க. பேசியே நம்ப வச்சிட்டாரு," என்று சாதிக் என்னைக் காட்டினான். நான் அவனோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. அவன் அதை ஓய்வு என்று நன்றியோடு ஏற்றுக்கொண்டான்.

மூன்று மணி சாலையிலேயே கடந்தது. ஐந்து மணிக்கு, பள்ளிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், மேலிருந்து சீருடைப் பிள்ளைகள் இருபது பேர் இறங்கி வந்தார்கள். சிலர் தலையில் வண்ணத்தாள் கிரீடம்.

"விழா நடக்கிறதா?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சிங்க," என்றாள் முன்னால் வந்த பெண். "நாலு மணிக்கே வுட்டுட்டாங்க. இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு நடக்கணும்ல. விருத்தாசலத்துலேருந்து யாரோ பேச வராங்கன்னாங்க. வரவே இல்ல."

குமார் சற்றும் இரக்கமின்றி, "அந்த யாரோ இவருதான்," என்றான். பிறகு சாலையோரத்தில் பெட்டியைப் பிரித்தான். ஒரு பொம்மைகூட உடையவில்லை. என்ன பரிசு என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கொடுத்தான். எல்லோருமே முதல் பரிசு என்றார்கள்.

பொம்மையை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க பேசத்தான வந்தீங்க? பேசுங்க."

நான் தொண்டையைச் செருமி, "அனைவரும் அமருங்கள்," என்றேன்.

"ஒக்காந்தா இருட்டிடும்ங்க. நடந்துகிட்டே கேக்குறோம்."

சைக்கிளைக் குமாரிடம் தள்ளிவிட்டு, உயிரைக் கொடுத்து ஏறிய அதே மலையில் அவர்களோடு கீழே இறங்கத் தொடங்கினேன். "எங்கடா போற?" என்று சாதிக் கத்தினான். அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து பேசினேன். "வீடு சோறிடும், பள்ளியோ சிறகிடும்!" என்ற இடத்தில் விருத்தாசலத்தில் கைதட்டல் எழும். இங்கே ஒரு பையன், "மழ பேஞ்சா வாத்தியாரு வர மாட்டாரு. வூட்டுல கஞ்சி மழையிலயும் இருக்குது," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். குரலை உயர்த்தி அடுத்த கருத்துக்குப் போனேன்.

முதல் பாலத்தருகே ஆறு பேர் காட்டுப்பக்கம் பிரிந்தார்கள். அடுத்த வளைவில் எட்டுப் பேர். எங்கள் ஊரில் கூட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது பேச்சாளருக்குக் கௌரவம். மக்கள் காத்திருப்பார்கள், வீடு அடுத்த தெருவில்தானே. இவர்கள் காலையில் ஏறி வந்ததும் இதே தூரம். மூன்று மணிக்கு நாற்காலியில் அமர்ந்து என்னைக் கேட்டிருக்க வேண்டியவர்கள். என் வாக்குவன்மை அதை அவர்களிடமிருந்து பறித்திருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யார்மீது என்பதுதான் விளங்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண் மட்டும் நின்றாள். "எங்க வூடு இப்படிங்க. முடிச்சிட்டீங்களா?"

"தொகுப்புரை மட்டும் மீதம்."

சாய்ந்துகொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "வெரசா சொல்லுங்க."

நான்கு வாக்கியத்தில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. அவள் தலையசைத்து, "போயிட்டு வரேங்க," என்று பொம்மையோடு புதருக்குள் மறைந்தாள். கூட்டம் கலைந்ததும் மேடையிலிருந்து இறங்குவதே பேச்சாளர் வழக்கம். நான் ஏறத் தொடங்கினேன்.